சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ

"ஒன்றும் செய்யமாட்டேன், சும்மா பார்க்கத்தான் போகிறேன்" என்பது பல் வைத்தியர்கள் நாள்தோறும் சொல்லும் பொய். அதைச் சொல்லும்போது எங்கள் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கையில் ஊசி இருக்கும். இதை யாரும் வகுப்பில் படிப்பிப்பதில்லை, பார்த்துப் பழகுவதுதான். நானும் நன்றாகப் பழகியிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் முதல் நியமனம் கிடைத்து வந்த கிழமையே ஒரு ஏழு வயதுச் சிறுமியிடம் அந்தப் பொய்யை என்னிடம் இருந்த மிக இனிய குரலில் சொன்னேன். பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற உதவியாளர் அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. சிறுமியைப் பார்த்துச் சொன்னார்:

"டொக்டர் உனக்கு ஊசி போடப்போறா. நுளம்பு கடிச்ச மாதிரி இருக்கும் எண்டு சொல்லுவினம். அப்பிடியில்லை, அதை விட நோகும். நீ பத்து எண்ணு, முடிஞ்சிடும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. சிறுமி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். எட்டில் ஊசி முடிந்துவிட்டது. "பத்தெண்டுதானே சொன்னீங்கள்" என்று அவரிடம் குறைபட்டாள்.

சிறுமி போன பிறகு அக்கா ஊசியைப் பெட்டியில் போட்டபடி சொன்னார்: "செய்யிறதைச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ டொக்டர்."

"பயந்திடுவினம் அக்கா."

"பயப்பிடட்டும். பயந்தாலும் உங்களை நம்புவினம்."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்னைக் கேக்காமல் ஏன் எழுதினீங்கள்?" என்று கேட்பார். வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம், சுற்றிவரத் தோட்டங்கள், வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவும் போதும். எங்கள் பல் பிரிவில் உதவியாளர் வேலைக்கு இரண்டு பேர் இருக்கவேண்டும் என்று கடதாசியில் இருந்தது. ஒருவர் நான் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. அதைக் கடதாசி மிக ஒழுங்காக மாதா மாதம் மேலிடத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

ஆகவே இலக்கத் துண்டு கொடுப்பதும் அக்கா, ஆளைக் கூப்பிடுவதும் அக்கா, தட்டுப் பிடிப்பதும், கருவி கழுவுவதும், அவிப்பதும், இரத்தம் துடைப்பதும், மயங்கி விழுபவரைத் தாங்குவதும் அக்கா. மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்கு, கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடுவார். கருவி கழுவுவதற்கென்று தடித்த கையுறை வரவேண்டும். அது வராத மாதங்களில் மெல்லிய கையுறையை இரண்டாகப் போடுவார். மருந்துத் தண்ணீர் அதையும் தாண்டிப் போய்விடும். அவருடைய விரல்கள் எப்போதும் வெளுத்து, வெடித்திருந்தன. "கையெல்லாம் வெடிச்சுப் போச்சே அக்கா" என்று ஒருநாள் சொன்னேன். "ஓம், வெடிச்சிருக்கு" என்றார். வேறு யாராவது என்றால் "உதொண்டுமில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பல் கதிரையைப் பற்றியும் சொல்லவேண்டும். காலால் மிதித்தால் அது உயரும். பிறகு தன் பாட்டில் மெல்ல மெல்ல இறங்கும். நோயாளி இறங்கிக்கொண்டே போவார், நானும் குனிந்துகொண்டே போவேன். பின்னேரம் நிமிரும்போது என் இடுப்பு எழுப்பும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். அக்கா வெளியே போய் நீள மர வாங்கில் காத்திருக்கும் சனத்துக்கு அறிவித்துவிட்டு வருவார்: "டொக்டருக்கு இடுப்பு நோகுது. அஞ்சு நிமிசம் பொறுக்கவேணும்." ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டோம். அப்போதும் வெளியே போய்ச் சொன்னார்: "டொக்டர் இண்டைக்குக் கோவமா நிக்கிறா. என்னோடைதான் கோவம், உங்களோடை இல்லை. பயப்பிடாமல் வாங்கோ."

பல் பிடுங்குவதற்கு எங்களிடம் ஆறு தொகுதிக் கருவிகள் இருந்தன. ஆறு பேர் முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவி, நீராவிப் பெட்டியில் வைத்துச் சுத்தப்படுத்தி எடுக்கவேண்டும். அதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். இடையில் கரண்ட் போனால் முதலில் இருந்து தொடங்கவேண்டும். அதை எல்லோரும் இயந்திரத்தின் இங்கிலீசுப் பெயரால் சொன்னார்கள். அக்கா மட்டும் "அவிக்கிற பெட்டி" என்பார். அவசரப்படுகிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "புட்டு அவியாட்டி வயித்தோடை போகும். உது அவியாட்டி இரத்தத்தோடை போகும்."

ஒருமுறை ஊரில் பெரிய மனிதர் ஒருவர் துண்டு எடுக்காமல் நேரே உள்ளே வந்து, தனக்குக் கூட்டம் ஒன்று இருக்கிறது, உடனே பல்லைக் கழற்றவேண்டும் என்றார். நான் எழும்பி நின்றுவிட்டேன். அக்கா எழும்பவில்லை, அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். "கருவி அவியுது ஐயா. இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம். அவியாத கருவி ஒண்டு கிடக்குது. இப்பதான் ஒருத்தற்றை வாயிலை இருந்து எடுத்தது. அதாலை வேணுமெண்டா உடனை செய்யலாம்" என்றார். பெரிய மனிதர் வாங்கில் போய் இருந்தார். தன் முறை வரும்வரை யாருடனும் கதைக்கவில்லை.

இன்னொருமுறை மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். அப்போது அந்தப் பெட்டி பழுதாகி இரண்டு கிழமை. எங்கள் பொறுப்பதிகாரி அதன்மேல் பூப்போட்ட மேசைத்துணி ஒன்றை விரித்து, பூச்சாடியும் வைத்திருந்தார். மிக அழகாக இருந்தது. அதிகாரி சுற்றிப் பார்த்து, "எல்லாம் ஒழுங்கா இருக்கோ?" என்றார். பொறுப்பதிகாரி தலையாட்டினார், நானும் ஆட்டினேன். அக்கா, "பூச்சாடிக்குக் கீழை இருக்கிறது ரெண்டு கிழமையா வேலை செய்யேல்லை. பக்கத்துப் பிரிவிலை குடுத்துத்தான் அவிக்கிறம். அதாலை அரைவாசிச் சனத்தைத் திருப்பி அனுப்புறம்" என்றார். அடுத்த மாதம் புதுப் பெட்டி வந்தது. சந்தனம் பூசித் திறந்துவைத்தவர் பொறுப்பதிகாரி. அந்த ஒரு மாதமும் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படியான ஒருவரோடு வேலை செய்வது இலேசு என்று நினைக்கவேண்டாம். எனக்குப் பல நாள் எரிச்சல்தான் வந்தது. அரியாலையில் இருக்கும் அவருடைய வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டார். நண்டுக் குழம்பு வைத்திருந்தார். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்ல ருசி அக்கா" என்றேன். "இல்லை, இண்டைக்கு உப்புக் கூடிப்போச்சு. நீங்கள் சும்மா சொல்லுறீங்கள்" என்றார். அவருடைய கணவர் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எனக்கு வழுக்கை விழுறதை எனக்கு முதல் கண்டு சொன்னது உவதான் டொக்டர். கலியாணம் கட்டி மூண்டாம் மாசம்." உப்புக் கூடித்தான் இருந்தது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

இனி என் கெட்டித்தனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒருவருக்கு விறைப்பு ஊசி போட்டால் வாய் விறைக்கப் பத்து நிமிடம் செல்லும். அந்தப் பத்து நிமிடமும் அவர் கதிரையில் இருப்பார், நான் சும்மா நிற்பேன், வெளியே ஐம்பது பேர் நிற்பார்கள். மூன்று பேருக்கு அடுத்தடுத்து ஊசியைப் போட்டு வெளியே வாங்கில் இருத்திவிட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பல்லைக் கழற்றினால் எவ்வளவு நேரம் மிச்சம்! இந்த யோசனை எனக்கு வந்த நாளில் எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது. அக்காவிடம் சொன்னேன்.

"வேண்டாம் டொக்டர். ஒராளை முடிச்சுப்போட்டு மற்ற ஆளைக் கூப்பிடுவம்."

"சனம் காலமை ஆறு மணியிலை இருந்து காத்து நிக்குது அக்கா."

"நிக்கட்டும். எங்கடை சனம் வாங்கிலை இருந்தா சும்மா இராது. வயசான ஆள் வந்தா இடம் விடும். பஸ்ஸுக்கு நேரமான ஆளுக்கு முறையை விடும். பேர் எழுதின அட்டை ஒரு ஒழுங்கிலை கிடக்கும், ஆக்கள் வேறை ஒழுங்கிலை இருப்பினம்."

"நீங்கள்தானே வாசல்லை நிண்டு பேர் கேட்டு விடப்போறீங்கள்?"

"நான் நிக்கிற நேரம் சரி" என்றார்.

நான் அந்த வசனத்தின் முன்பாதியைக் கேட்கவில்லை. "சரி" என்பது மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் தொடங்கினோம். ஏழெட்டு மாதம் ஒரு பிசகும் இல்லை. நோயாளர் எண்ணிக்கை கூடியதற்காகப் பொறுப்பதிகாரி என்னைக் கூட்டம் ஒன்றில் பாராட்டினார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா ஒவ்வொரு முறையும் அட்டையைப் பார்த்து, பேரைக் கேட்டு, வயதைக் கேட்டு, "எந்தப் பல்லெண்டு உங்கடை விரலாலை தொட்டுக் காட்டுங்கோ" என்று சொல்லி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

பிசகு வந்த அன்று, காலையில் கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. பெட்டி இரண்டாம் முறையும் நின்றுவிட்டது. அக்கா அதைத் திருப்பி ஓட்டுவதற்காகப் பின் அறையில் நின்றார். வாங்கில் மூன்று பேர் விறைத்த வாயோடு இருந்தார்கள். முன்னுக்கு இருந்தவர் மயிலிட்டியில் இருந்து வந்த ஒரு இளம் கடற்தொழிலாளி. அவருக்குப் பக்கத்தில் கோப்பாயில் இருந்து வந்த ஒரு தோட்டக்கார ஐயா, நெற்றி நிறைய விபூதி. இரண்டு பேருக்கும் கீழ்த்தாடை, இடப்பக்கம். கடற்தொழிலாளிக்கு நடுவில் ஒரு கடைவாய்ப் பல். ஐயாவுக்கு ஆகக் கடைசிப் பல்.

நான் வாசலில் நின்று, "அடுத்த ஆள் வாங்கோ" என்றேன். பேர் சொல்லவில்லை.

பிறகு தெரிந்தது, அந்த நேரத்தில் கடற்தொழிலாளி ஐயாவைப் பார்த்து, "நான் மோட்டச்சைக்கிள்ளை வந்தனான். உங்களுக்கு பஸ் போயிடும், நீங்கள் போங்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஐயா இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை எழும்பியிருக்கிறார். இரண்டு பேருமே மிக நல்ல மனிதர்கள்.

ஐயா கதிரையில் இருந்தார். நான் மேலே கிடந்த அட்டையை எடுத்தேன். "கீழ்ப்பக்கம், இடது தானே ஐயா?" என்றேன்.

"ஓம் பிள்ளை."

நடுக் கடைவாய்ப் பல்லில் சின்னதாய் ஒரு கறுப்பு இருந்தது. அதுதான் என்று நினைத்தேன். ஒரு பக்கம் முழுக்க விறைத்திருந்ததால் அவருக்கு எந்தப் பல்லில் குறடு பிடித்தது என்று தெரிய வழியில்லை. பல் இலேசில் வரவில்லை. நல்ல பல் அப்படித்தான், நான் அப்போது யோசித்திருக்கவேண்டும். கழற்றி, பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லி, வெளியே மற்ற வாங்கில் இருத்தினேன்.

அடுத்ததாகக் கடற்தொழிலாளி வந்து இருந்தார். அக்காவும் அவித்த தட்டோடு உள்ளே வந்தார். என் கையில் இருந்த அட்டையை எட்டிப் பார்த்தார்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்டு அக்கா."

அட்டையில் அறுபத்தெட்டு என்று இருந்தது. அக்கா அதை என் கையிலிருந்து வாங்கினார். முதல் அட்டையையும் எடுத்தார். தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"டொக்டர், ஐயாக்கு எடுக்கவேண்டிய பல்லு உதில்லை."

கடற்தொழிலாளி வாயைத் திறந்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நான்தான் ஐயாவை முதல் விட்டனான். பிழையோ?" என்றார், விறைத்த நாக்கோடு.

"இடம் விட்டது பிழையில்லைத் தம்பி. உங்கடை வாயிலை இன்னும் ஒண்டும் செய்யேல்லை. கொஞ்சம் பொறுங்கோ" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"பொறுங்கோ அக்கா. யோசிப்பம்."

"அவருக்கு பஸ் வரப்போகுது."

யோசிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. பொய் தயாராக இருந்தது. அந்தப் பல்லும் பழுதுதான் ஐயா, அதையும் விட்டால் பரவும், அதுதான் முதலில் எடுத்தேன், மற்றதை அடுத்த கிழமை எடுப்போம். நான் இப்படிச் சொன்னால் ஐயா கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போவார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர் வாசலில் நின்றார், வழியை மறிக்கவில்லை. நான் முன்னால் போக அவர் பின்னால் வந்தார்.

ஐயாவுக்கு முன்னால் குந்தி இருந்து சொன்னேன். அட்டை மாறிவிட்டது, நான் பேர் கேட்கவில்லை, நோகாத பல்லை எடுத்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்றேன். ஐயா பஞ்சைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நோகிற பல்லு?"

"அது கிடக்குது ஐயா."

ஐயா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "நீ எடுத்த பல்லாலைதான் நான் புழுக்கொடியல் கடிக்கிறனான்" என்றார். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த அந்தப் புழுக்கொடியல் கல்லுப்போல இருக்கும். நல்ல பல் இல்லாமல் அதோடு மினக்கெட முடியாது. பிறகு சொன்னார்: "சரி, விறைச்சுத்தானே கிடக்குது. மற்றதையும் கழட்டிவிடு பிள்ளை. இன்னொருக்கா பஸ் ஏறி வர என்னாலை ஏலாது."

அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "இப்ப கடைசிப் பல்லைக் கழட்டப்போறா ஐயா. உங்கடை விரலாலை தொட்டுக் காட்டுங்கோ" என்றார். ஐயா தொட்டுக் காட்டினார். நான் அதைக் கழற்றினேன். அக்கா தன் கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து ஐயாவின் மகள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். அவர் ஒரு ஆசிரியை. ஒரு எழுத்துப்பிழையும் இல்லாத, நியாயமான முறைப்பாடு. என்னுடன் படித்தவர்கள் தொலைபேசியில், "ஏன் சொன்னனீ? சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள். என்னிலே அக்கறையுள்ளவர்கள் எல்லோரும் இதையே கேட்டார்கள்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மேசையில் தேநீரும் பிஸ்கட்டும் இருந்தன. முதலில் அக்காவைக் கேட்டார்கள்.

"ஆளைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவது யாருடைய பொறுப்பு?"

"என்ரை."

"அன்றைக்குச் சரிபார்த்தீர்களா?"

"இல்லை. நான் அவிக்கிற பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டனான். ரெண்டு பேர் செய்யிற வேலைக்கு ஒராள்தான் இருக்கிறன். ஆனா பெட்டியை விட்டுப்போட்டு வாசலுக்கு வந்திருக்கலாம். வரேல்லை. அது என்ரை பிழை."

எழுதுபவர் வேகமாக எழுதினார். தலைவர் அடுத்ததாக, மூன்று பேருக்குச் சேர்த்து ஊசி போட்டு வெளியே இருத்தும் முறையைத் தொடங்கியது யார் என்று கேட்டார். அக்கா, "டொக்டர் இஞ்சைதானே இருக்கிறா. அவவைக் கேளுங்கோ" என்றார்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னேன்: "நோயாளர் நெரிசல் காரணமாக அந்த நடைமுறை பிரிவில் பின்பற்றப்பட்டு வந்தது."

அந்த வசனத்தில் ஆளே இல்லை. அக்கா வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. தலைவர் தலையாட்டினார், எழுதுபவர் எழுதினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கேட்டவற்றுக்கெல்லாம் அவர் தன்னைப் பற்றி மட்டும் பதில் சொன்னார்.

நோயாளியின் அடையாளத்தை உறுதிப்படுத்த உதவியாளர் தவறியதாக முடிவு வந்தது. எனக்கு அறிவுரைக் கடிதம் ஒன்று. அக்காவுக்கு இடமாற்றம், படகில் போகவேண்டிய ஒரு தீவுக்கு. அவருக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. இறங்குதுறையில் நின்று ஆடும் படகுக்குள் கால் வைப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்தேன். யோசித்ததோடு சரி. நான் செய்தது கோழைத்தனம். அதற்கு வேறு பெயர் தேடி நான் நிறைய நாள் செலவழித்திருக்கிறேன்.

கடைசி நாளும் அவர் ஆறு தொகுதியையும் கழுவி அவித்து வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். நான் பின்னாலே போனேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லேல்லை?"

"என்ரை பிழையை நான் சொன்னனான். உங்கடையை நீங்கள் இருக்க நான் சொன்னா, அது கோள்."

"நான் மேலிடத்தோடை கதைக்கிறன் அக்கா."

"கதையுங்கோ" என்றார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான் கதைக்கவில்லை. முதல் கிழமை வேலை அதிகம். அடுத்த கிழமை பொறுப்பதிகாரி லீவு. பிறகு, இனிக் கதைத்து என்ன என்று வந்துவிட்டது. ஒருவருக்கு முடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு ஊசி என்று மாற்றிக்கொண்டேன். அதுவே பெரிய பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சனம் முறுமுறுத்தது.

ஒன்றரை வருடம் கழித்து அந்தத் தோட்டக்கார ஐயா திரும்பி வந்தார். மற்றப் பக்கத்தில் ஒரு பல் ஆடியது. கதிரையில் இருந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"எங்கை அந்தப் பிள்ளை? விரலாலை தொட்டுக் காட்டச் சொல்லுறவ?"

"மாறிப் போட்டா ஐயா. தீவுக்கு."

"கேட்டோ போனவ?"

"இல்லை."

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ரை பல்லாலையோ?"

"இல்லை ஐயா. என்னாலை" என்றேன்.

ஆடிய பல்லை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வாயைத் திறந்தார். அவர் போனதும் மேசைக்கு முன்னால் இருந்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பேருக்குச் சேர்த்து ஊசி போடச் சொன்னது நான். வேண்டாம் என்று அவர் காரணத்தோடு சொன்னார், நான் கேட்கவில்லை. அன்றைக்குப் பேர் கேட்காமல் கூப்பிட்டதும் நான். விசாரணையில் இதை மறைத்ததும் நான். ஒவ்வொரு வசனத்திலும் ஆள் இருந்தது. அன்று பின்னேரமே பதிவுத் தபாலில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அதுவரையில் ஒருமுறைகூட எடுத்ததில்லை. கடிதத்தில் எழுதியதை அப்படியே சொன்னேன்.

"எப்ப போட்டனீங்கள்?"

"முந்தநாள்."

"எனக்குப் பென்சனுக்கு இன்னும் ஆறு மாசம்தான் கிடக்குது. மேலிடத்து ஆக்கள் உந்தக் கடிதத்தை வாசிச்சு முடிக்க அது போயிடும். உது எனக்கு உதவாது டொக்டர்."

"தெரியும் அக்கா."

"ஆனா எழுதத்தான் வேணும். எழுதினது நல்லம்."

அவர் "பரவாயில்லை" என்று சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் காலை மிதித்தவனிடம்கூட அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"என்னோடை கோவமோ அக்கா?"

"ஓம், கோவம்தான்" என்றார். "இஞ்சை கதிரையிலை ஒரு ஆள் இருக்கிறார். போனை வைக்கிறன்."